கேள்வி – பதில்: மாவுப் பீப்பாயும் அபின் பெட்டியும்

சென்ற இதழில் மன்றோ கோட்பாடு பற்றி, அதாவது அமெரிக்கக் கண்டங்களின் விவகாரத்தில் ஐரோப்பா தலையிடக்கூடாது என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மன்றோ அறிவித்த கொள்கை பற்றி விடை எழுதியபோது, 1823ஆம் ஆண்டின் அந்தப் புகழ்பெற்ற அறிக்கையில் கிரேக்கர்களைப் பற்றியும் சில வரிகள் இருக்கின்றன என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கேள்விகளும் கிரேக்க விடுதலைப் போரில் அமெரிக்கா நடந்துகொண்ட விதம் என்ற ஒரே பொருளைச் சுற்றி வருவதால், இந்த இதழில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: துருக்கி சுல்தானை எதிர்த்து எழுந்த கிரேக்கர்கள், கடல் கடந்து கிடந்த அமெரிக்காவிடம் உதவி கேட்டார்களா? அல்லது அமெரிக்கர்கள் தாமாகவே ஆதரவு காட்ட முன்வந்தார்களா?

பதில்: கேட்டார்கள், அதுவும் கிளர்ச்சி வெடித்த சில வாரங்களிலேயே கேட்டார்கள். 1821 மார்ச்சில் கிரேக்கத்தின் தென்பகுதியான பெலொப்பொனேசஸில் போர் தொடங்கியது. மே மாதத்திலேயே கலமாத்தா நகரில் கூடிய மெஸ்ஸீனிய ஆட்சிமன்றம் அமெரிக்கக் குடிமக்களை நோக்கி ஒரு வேண்டுகோளை எழுதியது. அதன் தலைவர் பெத்ரோஸ் மாவ்ரோமிகாலிஸ். சுதந்திரம் இப்போது குடியிருப்பது உங்கள் நாட்டில்தான், ஆகவே எங்களைக் கைவிட மாட்டீர்கள் என்பது அந்த மடலின் சாரம். அது நேரே வாஷிங்டனுக்குப் போகவில்லை. பாரிஸில் வாழ்ந்துவந்த கிரேக்கப் பேரறிஞர் அதமாந்தியோஸ் கொராயிஸ் வழியாக, ஹார்வர்டில் கிரேக்க இலக்கியப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் எவரெட்டின் கைக்கு வந்து, அவர் மூலமாகச் செய்தித்தாள்களில் வெளியாயிற்று.

எவரெட் சரியான ஆளாகவே அமைந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கர் அவர்தான்; 1819இல் கிரேக்க மண்ணையும் நேரில் பார்த்திருந்தார். ‘நார்த் அமெரிக்கன் ரிவ்யூ’ என்னும் இதழின் ஆசிரியர் பொறுப்பும் அவரிடம் இருந்தது. 1823 அக்டோபரில், கொராயிஸ் பதிப்பித்த அரிஸ்டாட்டிலின் அறவியல் நூலுக்கு மதிப்புரை எழுதுவதாகத் தொடங்கி, நூலை ஓரமாக வைத்துவிட்டு, கிரேக்கர்களுக்காக நீண்டதொரு வழக்குரையையே எழுதி முடித்தார். மதிப்புரை என்ற பெயரில் வேறொன்றை எழுதும் வழக்கம் நம் காலத்தில் தோன்றியதல்ல என்று தெரிகிறது.

பள்ளிக்கூடத்தில் ஹோமரையும் புளூட்டார்க்கையும் படித்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, பண்டைக் கிரேக்கப் போர்க்களங்களான தெர்மோப்பிலேயும் மாரத்தானும் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் போலப் பழகியவை. எனவே மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது, விதைதான் வெளியிலிருந்து வந்தது என்று சொல்லலாம். மிசிகன் பகுதியில் புதிதாக எழுந்த ஓர் ஊருக்கு 1825இல் கிரேக்கத் தளபதி திமித்ரியோஸ் இப்சிலாந்திஸின் பெயரைச் சூட்டினார்கள். இப்சிலாந்தி என்ற அந்த ஊர் இன்றும் இருக்கிறது.

கேள்வி: மக்கள் இவ்வளவு ஆர்வமாக இருந்தபோது, அமெரிக்க அரசு ஏன் கிரேக்கத்தை உடனே அங்கீகரிக்கவில்லை? அதைத் தடுத்தவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் என்று படித்திருக்கிறேன். அவர் துருக்கியின் நண்பரா?

பதில்: நண்பர் இல்லை. குடியரசுத் தலைவர் பதவி முடிந்தபின் அவர் துருக்கி ஆட்சியைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் இருக்கும் கடுமை, எவரெட்டின் எழுத்தில்கூடக் கிடையாது. ஆயினும் 1823இல் வெளியுறவுத் துறையின் தலைவராக இருந்த ஆடம்ஸே அங்கீகாரத்தைத் தடுத்தவர் என்பது உண்மை. இது சற்று விரிவாகப் பார்க்கவேண்டிய இடம்.

1823இன் தொடக்கத்தில், லண்டனில் இருந்த கிரேக்கத் தூதர் அந்திரேயாஸ் லூரியோத்திஸ், அங்கிருந்த அமெரிக்கத் தூதர் ரிச்சர்ட் ரஷ் வழியாக அங்கீகாரமும் உதவியும் கேட்டு எழுதினார். ஆகஸ்ட் மாதம் அந்தக் கடிதம் மன்றோவின் அமைச்சரவைக்கு வந்தது. பாரிஸில் தூதராக இருந்து அப்போதுதான் திரும்பியிருந்த ஆல்பர்ட் காலட்டின், மத்தியதரைக் கடலில் நிற்கும் அமெரிக்கப் போர்க்கப்பல்களைக் கிரேக்கர்களுக்கு உதவ அனுப்பலாம் என்ற யோசனையைக் கூறியிருந்தார். போர்த்துறையைக் கவனித்த கால்ஹூனும் நிதித்துறையைக் கவனித்த கிராஃபோர்டும் உற்சாகமாக அதன் பக்கம் சாய்ந்தார்கள். ஆடம்ஸ் தம் நாட்குறிப்பில், அந்த உற்சாகம் வெறும் உணர்ச்சி என்றும், ஊர் எந்தப் பக்கம் பேசுகிறதோ அந்தப் பக்கம் அது சாய்கிறது என்றும் எழுதிவைத்தார். 1824 குடியரசுத் தலைவர் தேர்தலைக் குறிவைத்து ஆடம்ஸ், கால்ஹூன், கிராஃபோர்ட் மூவருமே அப்போது காய் நகர்த்திக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் குறிப்பின் காரம் விளங்கும். லூரியோத்திஸுக்குப் போன பதிலில் வாழ்த்து நிறைய இருந்தது. உதவி இல்லை, நடுநிலை மட்டுமே இருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் சிக்கல் இன்னும் பெரிதாயிற்று. மன்றோ தம் ஆண்டறிக்கையின் வரைவை அமைச்சரவையில் படித்தபோது, ஸ்பெயினுக்குள் படையனுப்பிய பிரான்சைக் கண்டித்திருந்தார். கிரேக்கர்களைச் சுதந்திர நாட்டினராக ஒப்புக்கொண்டு, அங்கே ஒரு தூதரை அனுப்பப் பணம் ஒதுக்கவும் பரிந்துரைத்திருந்தார். ஆடம்ஸ் பதறிப்போனார். ஐரோப்பா அமெரிக்கக் கண்டங்களின் விவகாரத்தில் தலையிடக்கூடாது என்று அறிவிக்கப் போகிற அதே தாளில், நாம் ஐரோப்பாவின் விவகாரத்தில் தலையிட்டால் முதல் வாக்கியத்துக்கு என்ன மதிப்பு என்பது அவருடைய கேள்வி. அதற்கு மன்றோவிடம் விடை இல்லை. டிசம்பர் 2ஆம் தேதி வெளியான அறிக்கையில், கிரேக்கர்கள் மீண்டும் ஒரு தனி நாட்டினராக எழுவார்கள் என்ற நம்பிக்கை மட்டுமே மிஞ்சியது. மன்றோ கோட்பாடு என்று நாம் இன்று அறிவது பிறப்பதற்குக் கொடுத்த விலைகளில் கிரேக்க அங்கீகாரமும் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: கொள்கை ஒருபுறம் இருக்கட்டும். இதன் பின்னால் வணிகக் கணக்கு ஏதும் இல்லையா?

பதில்: இருந்தது, வெளியில் பேசப்படாத கணக்கு அது. ஆசியா மைனரின் ஸ்மிர்னா துறைமுகத்தில், அதாவது இன்றைய இஸ்மிரில், அமெரிக்கக் கப்பல்கள் பல ஆண்டுகளாக வணிகம் செய்துவந்தன. கொண்டுபோனவை சர்க்கரை, காப்பி, ரம். ஏற்றிவந்தவை அத்திப்பழம், உலர்திராட்சை, அபின். கடைசியாகச் சொன்ன சரக்குக்கு ஓர் இந்தியத் தொடர்பும் உண்டு. வங்காளத்து அபின் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாக இருந்ததால், சீனாவின் கான்டன் சந்தையில் நுழைய விரும்பிய அமெரிக்க வணிகர்கள் துருக்கி அபினை நாடினார்கள். அதில் முன்னணியில் நின்றது பாஸ்டன் நகரின் தாமஸ் ஹான்டசிட் பெர்க்கின்ஸ் குடும்பத்து வணிக இல்லம்.

இத்தனை வணிகம் நடந்தும் சுல்தானோடு அமெரிக்காவுக்கு ஓர் ஒப்பந்தம்கூட இல்லை. அதைப் பெறுவதற்கு ஆடம்ஸ் 1823இல் ஜார்ஜ் பெத்யூன் இங்கிலிஷ் என்பவரைக் கமுக்கமாகச் சுல்தானின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) அனுப்பினார். ஹார்வர்டில் இறையியல் படித்து, எகிப்துக்குப் போய் இஸ்லாத்தைத் தழுவி, எகிப்தை ஆண்ட முகமது அலியின் மகன் இஸ்மாயில் பாஷாவின் படையோடு நைல் நதியின் மேற்பகுதிவரை சென்று திரும்பிய விசித்திரமான மனிதர் அவர். ஆக, மன்றோவின் மேசையில் கிரேக்கர்களுக்கான வாழ்த்துரை எழுதப்பட்ட அதே ஆண்டில், சுல்தானின் வாசலில் அமெரிக்காவின் ஆள் கீழைநாட்டு உடையில் காத்திருந்தார். கிரேக்கத்தை அங்கீகரித்திருந்தால் அந்த வாசல் அடைபட்டிருக்கும், ஸ்மிர்னாவில் இருந்த அமெரிக்கர்களின் உயிருக்கும் சரக்குக்கும் ஆபத்து வந்திருக்கும். இதை வெறும் இரட்டை வேடம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பலம் குறைந்த கடற்படையும் சிறிய கருவூலமும் கொண்ட நாடு அது. ஆனால் கொள்கை, கொள்கை என்று மட்டும் சொல்லிக் கணக்கை மறைத்ததும் உண்மை.

ஒப்பந்தம் கைக்கு வந்தது 1830 மே மாதத்தில்தான். அதற்கு முன் 1827 அக்டோபர் 20ஆம் தேதி, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்று நாட்டுக் கப்பற்படைகள் நவாரினோ விரிகுடாவில் துருக்கி–எகிப்துக் கப்பற்படையை அழித்திருந்தன. கப்பல்களை இழந்த சுல்தான் அமெரிக்காவில் கப்பல் கட்டிக்கொள்ள இரகசியப் பிரிவு ஒன்று அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. செனட் சபை அந்தப் பிரிவை மட்டும் நிராகரித்தது. என்றாலும் நியூயார்க்கின் பெயர்பெற்ற கப்பல் கட்டுநர் ஹென்றி எக்ஃபோர்ட் தாமாகவே கான்ஸ்டான்டினோபிளுக்குப் போய்ச் சுல்தானுக்காகப் பணிபுரிந்து, 1832இல் அங்கேயே இறந்தார்.

கேள்வி: நாடாளுமன்றத்தில் டேனியல் வெப்ஸ்டர் பேசிய பேச்சு என்ன ஆயிற்று?

பதில்: பேச்சு வென்றது, தீர்மானம் தோற்றது. கிரேக்கத்துக்கு ஒரு முகவரை அனுப்பும் செலவுக்கு வழிசெய்யலாம் என்ற எளிய தீர்மானத்தை வெப்ஸ்டர் 1823 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் வைத்தார். 1824 ஜனவரி 19ஆம் தேதி அதன்மேல் பேசினார். முகவராக எவரெட்டையே அனுப்பவேண்டும் என்ற எண்ணமும் அவர் மனத்தில் இருந்தது. அரங்கில் இடமில்லாமல் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கேட்டார்கள். சபைத் தலைவர் ஹென்றி கிளே துணைநின்றார். தென் கரோலினாவின் பாயின்செட், இது போரில் கொண்டுபோய் விடும், வணிகத்தைக் கெடுக்கும் என்று வாதிட்டார். வர்ஜீனியாவின் ஜான் ராண்டால்ஃப் தமக்கே உரிய ஏளனத்தோடு எதிர்த்தார். சில நாள் விவாதத்துக்குப் பின் தீர்மானம் வாக்கெடுப்புக்கே வராமல் கிடப்பில் போடப்பட்டது. வெப்ஸ்டருடைய சொந்தத் தொகுதியான பாஸ்டனில் துருக்கியோடு வணிகம் செய்துவந்தவர்கள் முகம் சுளித்ததையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆடம்ஸ் குடியரசுத் தலைவரான பிறகு, 1825இல், வில்லியம் சோமர்வில் என்பவரை இரகசிய முகவராகக் கிரேக்கத்துக்கு அனுப்பினார். அவர் வழியில் பிரான்சிலேயே நோயுற்று இறந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் துணைநின்ற பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தின் பண்ணையில் அடக்கம் செய்யப்பட்டார்.

கேள்வி: கிரேக்கர்களுக்காக நியூயார்க்கில் கட்டப்பட்ட போர்க்கப்பல்களில் ஊழல் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். விளக்க முடியுமா?

பதில்: ஊழல் என்று சட்டம் சொல்லவில்லை, கேட்டவர்களுக்கு அப்படித்தான் தோன்றியது. கிரேக்கர்கள் லண்டனில் 1824இலும் 1825இலும் இரண்டு கடன்கள் வாங்கினார்கள். முதல் கடன் 8,00,000 பவுண்டு, இரண்டாவது 20,00,000 பவுண்டு. தள்ளுபடியும் தரகும் போக அவர்கள் கையில் வந்தது அதில் ஒரு பகுதிதான். அந்தப் பணத்தில் இரண்டு பெரிய போர்க்கப்பல்களைக் கட்டும் பொறுப்பு நியூயார்க்கின் லெராய் பேயார்ட், ஹௌலண்ட் ஆகிய இரண்டு வணிக இல்லங்களுக்குத் தரப்பட்டது. பேயார்ட் இல்லத்தின் தலைவர் வில்லியம் பேயார்ட், கிரேக்கர்களுக்கு நன்கொடை திரட்டிய நியூயார்க் குழுவின் தலைவரும் ஆவார். எனவே யாரும் சந்தேகப்படவில்லை.

முதலில் சொன்ன மதிப்பீட்டையெல்லாம் செலவு தாண்டியது. அனுப்பிய பணம் தீர்ந்தது, கப்பல்கள் முடியவில்லை, மேலும் பணம் தராவிட்டால் கப்பல்களை விற்றுக் கணக்கைத் தீர்த்துக்கொள்வோம் என்று இல்லங்கள் அறிவித்தன. வழக்கு நடுவர்களிடம் போனபோது தீர்ப்பும் கிரேக்கர்களுக்குச் சாதகமாக வரவில்லை. இதைச் சரிசெய்யக் கிரேக்கத்திலிருந்து அலெக்சாந்திரோஸ் கொந்தோஸ்தாவ்லோஸ் 1826இல் வந்து வாஷிங்டன் வாசல்களில் ஏறி இறங்கினார். கடைசியில் நடுநிலை நாடான அமெரிக்காவே ஒரு கப்பலை விலைக்கு வாங்கிக்கொண்டது. ‘லிபரேட்டர்’ என்ற பெயரோடு கட்டப்பட்ட அது ‘ஹட்சன்’ என்று பெயர் மாறி அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. அந்தப் பணத்தைக்கொண்டு மற்றொன்று முடிக்கப்பட்டு, 1826இன் இறுதியில் கிரேக்கத்தை அடைந்து ‘ஹெல்லாஸ்’ என்ற பெயரைப் பெற்றது. இரண்டு கப்பலுக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு கப்பல் கிடைத்தது. அந்த ஒன்றும் நிலைக்கவில்லை: 1831 ஆகஸ்டில், உள்நாட்டுப் பூசலின்போது, எதிரணியின் கையில் சிக்கக்கூடாது என்று கிரேக்கக் கடற்படைத் தலைவர் மியாவூலிஸே போரோஸ் தீவில் அதற்குத் தீவைத்தார்.

அரசு அந்தக் கப்பலை வாங்கியது ஆடம்ஸ் குடியரசுத் தலைவராக இருந்தபோது என்பதைக் கவனியுங்கள். நடுநிலையைக் கைவிடாமலே கைகொடுக்கும் வழி ஒன்று அகப்பட்டபோது அவர் அதைப் பயன்படுத்தத் தயங்கவில்லை.

கேள்வி: அமெரிக்கர்கள் யாராவது நேரில் போய்ப் போரிட்டார்களா?

பதில்: விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். ஜார்ஜ் ஜார்விஸ் 1822இல் போய், கிரேக்க உடையும் மொழியும் பழகி, 1828இல் ஆர்கோஸ் நகரில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜொனாதன் மில்லரும், பாஸ்டன் மருத்துவர் சாமுவேல் கிரிட்லி ஹோவும் பின்னால் சேர்ந்தார்கள். ஆயினும் இவர்கள் செய்த பெரிய காரியம் துப்பாக்கியால் செய்தது அல்ல.

1826 ஏப்ரலில் கிரேக்கர்களின் கையிலிருந்த மிஸலோங்கி நகர் துருக்கியரிடம் வீழ்ந்தபின் கிரேக்கம் பட்டினியின் விளிம்பில் நின்றது. பிரதிநிதிகள் சபையில் எட்வர்ட் லிவிங்ஸ்டன் நிவாரணத்துக்காக 50,000 டாலர் கேட்டுப் பார்த்தார், சபை மறுத்தது. அரசு மறுத்ததை ஊர்கள் கொடுத்தன. பிலடெல்பியாவில் பதிப்பாளர் மாத்யூ கேரி முன்நின்றார். நியூயார்க்கும் பாஸ்டனும் பின்தொடர்ந்தன. தேவாலயங்களில் உண்டியல் வைத்தார்கள். பெண்கள் சங்கம் கூடிச் சட்டையும் பாவாடையும் தைத்தார்கள். 1827, 1828 ஆகிய இரண்டு ஆண்டுகளில் எட்டுக் கப்பல்கள் மாவு, சோளமாவு, அரிசி, உப்பிட்ட இறைச்சி, துணி ஆகியவற்றை ஏற்றிச் சென்றன. சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 1,40,000 டாலர். பெண்கள், குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு மட்டுமே கொடுக்கவேண்டும், ஆயுதம் ஏந்தியவருக்கு ஒரு பிடியும் கூடாது என்பது கண்டிப்பான கட்டளை. பசித்த படைவீரர்கள் நடுவில் மாவுப் பீப்பாயை இறக்கிவைத்துக்கொண்டு அந்தக் கட்டளையைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை மில்லர் தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

ஹோ இன்னொரு படி மேலே போனார். சும்மா கொடுத்தால் கையேந்திப் பழகிவிடுவார்கள் என்று எண்ணி, ஏஜினா தீவில் அகதிகளைக்கொண்டு துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரைக் கட்டினார்; உணவுதான் கூலி. நூற்றுக்கணக்கானவர்கள் அதில் வேலை செய்தார்கள். பிறகு கொரிந்து அருகே எக்ஸமிலியாவில் அகதிகளைக் குடியேற்றி, அந்தக் குடியிருப்புக்கு வாஷிங்டன் பெயரை வைத்தார். ஊர் திரும்பிய ஹோ பார்வையற்றோருக்கான பள்ளியை அதன் முதல் இயக்குநராக நடத்திப் புகழ்பெற்றார். அந்தப் பள்ளிக்குத் தம் மாளிகையைக் கொடுத்தவர் யார் தெரியுமா? ஸ்மிர்னா அபின் வணிகத்தில் பொருள் சேர்த்த அதே பெர்க்கின்ஸ்தான். பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

கேள்வி: அடிமைமுறையை வைத்துக்கொண்டிருந்த ஒரு நாடு, கிரேக்கர்களின் அடிமைத்தளைக்காகக் கண்ணீர் விட்டது முரண் அல்லவா? அக்காலத்தவர் இதை உணரவில்லையா?

பதில்: உணர்ந்தவர்கள் இருந்தார்கள். ஜான் ராண்டால்ஃபைப் பற்றி வழங்கும் ஒரு கதை உண்டு: கிரேக்கர்களுக்காகத் துணி தைத்துக்கொண்டிருந்த ஒரு சீமாட்டியின் வீட்டு வாசலில் கந்தலோடு நின்ற கறுப்பினச் சிறுவர்களைச் சுட்டிக்காட்டி, கிரேக்கர்கள் உங்கள் வாசலிலேயே நிற்கிறார்களே என்றாராம். கதை நடந்ததோ இல்லையோ, சொன்னவராகக் கூறப்படும் ராண்டால்ஃபும் நூற்றுக்கணக்கான அடிமைகளின் உடைமையாளர். கிரேக்க விடுதலையின் குரலாக இருந்த எவரெட், காங்கிரஸ் உறுப்பினரானபின் 1826 மார்ச்சில், அடிமைகள் கிளர்ந்தெழுந்தால் அதை அடக்கத் தாமே ஆயுதம் ஏந்துவேன் என்ற பொருள்பட அவையில் பேசினார். இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

ஹெய்ட்டி நாட்டின் நிலையையும் பாருங்கள். அடிமைகளாக இருந்தவர்கள் தாமே போரிட்டு 1804இல் உருவாக்கிய நாடு அது. பாரிஸிலிருந்த கிரேக்கர்கள் அதன் தலைவர் போயேவிடமும் உதவி கேட்டார்கள். அவர் 1822 ஜனவரியில், கொடுக்கக் கையில் பொருள் இல்லை என்று வருந்தி, மனமார்ந்த வாழ்த்து எழுதினார். அந்த ஹெய்ட்டியை அமெரிக்கா அங்கீகரித்தது 1862இல்தான். கிரேக்கம் அதற்கு முந்திக்கொண்டது.

அனுதாபத்துக்கு இன்னொரு குருட்டுப்புள்ளியும் இருந்தது. 1822இல் கியோஸ் தீவில் துருக்கியர் நடத்திய படுகொலை அமெரிக்கச் செய்தித்தாள்களை உலுக்கியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1821 அக்டோபரில், திரிப்பொலித்சா நகரைக் கைப்பற்றிய கிரேக்கர்கள் அங்கிருந்த ஆயிரக்கணக்கான முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்றது அந்த அளவுக்கு யாரையும் உலுக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பட்டினிக் காலத்தில் களத்தில் நின்ற மில்லரும் ஹோவும் ஊர் திரும்பியபின் அடிமை ஒழிப்பு இயக்கத்தில் முழுமையாக இறங்கினார்கள். மில்லர் தம்மோடு அழைத்துவந்து வளர்த்த கிரேக்க அனாதைச் சிறுவன் லூக்கஸ் மில்லர், பிற்காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து காங்கிரஸ் உறுப்பினரானார்.

கேள்வி: கடைசியில் அமெரிக்கா கிரேக்கத்தை எப்போதுதான் அங்கீகரித்தது?

பதில்: 1837 நவம்பரில். பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளும் லண்டன் உடன்படிக்கையில் கிரேக்கத்தின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டு அப்போது ஏழு ஆண்டுகள் கடந்துவிட்டன. அடுத்த மாதம் வணிக ஒப்பந்தம் ஒன்றும் லண்டனில் கையெழுத்தாயிற்று. கிரேக்கத்தின் சார்பில் கையொப்பமிட்டவர் ஸ்பிரிதோன் த்ரிகூபிஸ். 1824இல் மிஸலோங்கியில் ஆங்கிலக் கவிஞர் பைரன் இறந்தபோது இரங்கலுரை ஆற்றியவர் அவர்தான். ஏதென்ஸில் தங்கியிருக்க முதல் அமெரிக்கத் தூதராக சார்லஸ் டக்கர்மன் அனுப்பப்பட்டது 1868இல்.